வேட்டைத் துவக்குக்கு ஸ்கோப் வாங்கப் போகிறீர்களா? முதலில் கணக்கைப் பாருங்கள்

செப்டெம்பர் பிறந்து மேப்பிள் இலைகள் நிறம் மாறத் தொடங்கினால், மொன்றியலில் எங்கள் வீடுகளில் ஒரு புதிய கேள்வி எழுகிறது. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் தங்கள் கியூபெக் நண்பர்களோடு மான் வேட்டைக்குப் போக விரும்புகிறார்கள். சிலர் பாதுகாப்பு வகுப்பை முடித்து அனுமதிப்பத்திரமும் எடுத்துவிட்டார்கள். அடுத்ததாக, "அப்பா, துவக்குக்கு ஸ்கோப் ஒன்று வாங்கவேணும், எது நல்லது?" என்று கேட்கிறார்கள். வருமான வரிப் பத்திரங்களோடு எங்களிடம் வருகிற குடும்பங்களில் மூன்று நான்கு பேர் இதையே கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைவிட எழுதிவிடுவது நல்லது என்று நினைத்தோம்.

இரண்டு வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டில் மகன் இதைச் சொன்னபோது சாப்பாட்டு மேசையில் பேச்சு நின்றுவிட்டது. துவக்கு என்ற சொல்லைக் கேட்டாலே வயிற்றுக்குள் எதுவோ இறுகுகிற தலைமுறை நாங்கள். அதற்குப் பயந்துதான் இந்த நாட்டுக்கு வந்தோம். அவனுடைய அம்மா ஒரு கிழமையாக அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஆனால் யோசித்துப் பார்த்தால் எங்களுக்கு இன்னொரு நினைவும் இருக்கிறது. போருக்கு முந்திய வன்னியில் பன்றியிடமிருந்து பயிரைக் காக்க இடியன் துவக்கு வைத்திருந்த கமக்காரர்களை நாங்கள் அறிவோம். மரை வத்தலின் மணம் இன்றும் நாக்கில் இருக்கிறது. துவக்கு என்பது ஒருகாலத்தில் எங்கள் ஊரிலும் மண்வெட்டி, கோடரிபோல ஒரு வேலைச் சாமானாகத்தான் இருந்தது. பிள்ளை சட்டப்படி வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, பொறுப்போடு கேட்கிறான். போகத்தான் போகிறான் என்றால் சரியான சாமானோடு போகட்டும் என்று முடிவெடுத்தோம். பிறகு, தொழில் பழக்கம் காரணமாக, பேனையும் தாளும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

சட்டம் முதலில்

ஸ்கோப் வாங்க அனுமதிப்பத்திரம் தேவையில்லை. துவக்குக்குத் தேவை. மத்திய அரசின் பாதுகாப்பு வகுப்பில் சித்தியடைந்து, பிஏஎல் எனப்படும் அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். முதல் தடவை விண்ணப்பிப்பவருக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு உண்டு. வேட்டைக்குப் போவதற்குக் கியூபெக்கின் வேட்டைச் சான்றிதழ் வேறாக எடுக்க வேண்டும். 2018 ஜனவரி 29 முதல் இந்த மாகாணத்தில் சாதாரண வேட்டைத் துவக்கையும் பதிவு செய்ய வேண்டும். வீட்டில் ரவை நீக்கி, பூட்டி வைக்க வேண்டும்.

இவை வீண் கெடுபிடிகள் அல்ல. 1989 டிசம்பர் 6 அன்று இந்த நகரத்தின் பொலிடெக்னிக் கல்லூரியில் 14 பெண்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எங்களில் பலர் குடியேறிய கோட்-டி-நேஜ் பகுதிக்கு அருகில்தான் அந்தக் கட்டடம் இருக்கிறது. துவக்கால் ஏற்பட்ட காயம் இந்த ஊருக்கும் உண்டு. அதை மதித்து நடப்பது எங்களுக்குக் கடினமான காரியம் அல்ல.

சட்டத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனெனில் அது ஸ்கோப் தெரிவையும் பாதிக்கிறது. குறைந்த உருப்பெருக்கம் கொண்ட, மாற்றக்கூடிய ஸ்கோப்புகளைப் பற்றி இணையத்தில் வருகிற காணொளிகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில் ஏஆர்-15 வகைத் துவக்கு வைத்திருப்பவர்களுக்காகச் செய்யப்பட்டவை. கனடாவில் அந்தத் துவக்கு 2020 மே 1 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. அவர்கள் வேகமாகப் பல இலக்குகளைச் சுடுகிற போட்டிகளுக்காகத் தெரிவு செய்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் நவம்பர் குளிரில் ஒரு மரத்தடியில் ஐந்து மணித்தியாலம் அசையாமல் இருந்து, ஒரே ஒரு வெடி வைக்கப் போகிறார்கள், அல்லது வைக்காமலே திரும்பப் போகிறார்கள். தேவை வேறு, ஆகவே வாங்க வேண்டிய பொருளும் வேறு.

எண்கள் என்ன சொல்கின்றன?

ஸ்கோப்பின் பெட்டியில் 1-4×24 என்று எழுதியிருக்கும். முதல் இரண்டு எண்களும் உருப்பெருக்கம்: ஒரு மடங்கிலிருந்து நான்கு மடங்கு வரை ஒரு வளையத்தைத் திருப்பி மாற்றலாம். கடைசி எண் முன்வில்லையின் விட்டம், 24 மில்லிமீற்றர். 1-6×24, 1-8×24 என்பனவும் இதே குடும்பம். வழமையான வேட்டை ஸ்கோப் 3-9×40 என்று இருக்கும்.

கியூபெக்கின் காடு அடர்த்தியானது. மேப்பிளும் ஊசியிலை மரமும் பற்றையும் கலந்த இடத்தில் மான் 200 மீற்றர் தூரத்தில் நின்று காட்சி தருவதில்லை. 40, 60 மீற்றரில் கிளைகளுக்கு நடுவே ஒரு காது, ஒரு முதுகு தெரியும். அந்த இடத்தில் ஒன்பது மடங்கு பெருக்கினால் ஸ்கோப் முழுக்க மரப்பட்டைதான். ஒரு மடங்கில் வைத்தால் இரண்டு கண்ணையும் திறந்தபடியே பார்க்கலாம். குறி எங்கே இருக்கிறது என்பதோடு, பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதும் தெரியும். குறைந்த உருப்பெருக்கத்தின் உண்மையான பெறுமதி இதுதான்.

அதேநேரம் நேர்மையாகச் சொல்ல வேண்டும். உங்கள் பிள்ளை போகிற இடம் வயலோரம், மின்கம்பி வழிக்காக மரம் வெட்டிய நீண்ட வெளி என்றால், 3-9×40 தான் பொருத்தம். அது பெரும்பாலும் விலையும் குறைவு. எல்லாரும் வாங்குகிறார்கள் என்பதற்காகச் சின்ன ஸ்கோப் வாங்க வேண்டாம். எங்கே உட்காரப் போகிறான் என்று முதலில் கேளுங்கள்.

மலிவான ஸ்கோப்புகளில் ஒரு மடங்கு என்று எழுதியிருப்பது சிலவேளை சரியாக ஒரு மடங்காக இராது. கடையில் ஒரு சுகமான சோதனை செய்யலாம். வளையத்தை 1இல் வைத்து, இரண்டு கண்ணையும் திறந்து, ஒரு கதவு நிலையின் விளிம்பைப் பாருங்கள். ஸ்கோப்புக்குள் தெரியும் கோடும் வெளியே தெரியும் கோடும் ஒன்றாக ஓட வேண்டும். முறிந்து தெரிந்தாலோ ஓரங்கள் வளைந்தாலோ அடுத்ததை எடுங்கள்.

அரை மணித்தியால வெளிச்சம்

கியூபெக்கில் மான் வேட்டைக்கு அனுமதிக்கப்பட்ட நேரம் சூரிய உதயத்துக்கு அரை மணித்தியாலம் முன்பு தொடங்கி, அஸ்தமனத்துக்கு அரை மணித்தியாலம் பின்பு முடிகிறது. மான் அதிகம் நடமாடுவதும் இந்த இரண்டு மங்கல் வேளைகளில்தான். ஆகவே நடுப்பகல் வெளிச்சத்தில், கடையின் மின்விளக்கில் ஸ்கோப்பைப் பார்த்துத் தீர்மானிப்பது பாதிக் கணக்குத்தான்.

மீதிப் பாதிக்கு ஒரு எளிய வகுத்தல் போதும். முன்வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், ஸ்கோப்பிலிருந்து கண்ணுக்கு வருகிற ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 24ஐ 4ஆல் வகுத்தால் 6 மில்லிமீற்றர். 6ஆல் வகுத்தால் 4. 8ஆல் வகுத்தால் 3. இருட்டில் இளையவர்களின் கண்மணி ஏறக்குறைய 7 மில்லிமீற்றர் வரை விரியும், எங்கள் வயதில் 5 விரிந்தாலே பெரிய காரியம். ஒளிக்கற்றை கண்மணியைவிட ஒடுங்கினால் காட்சி மங்கும்.

இதைக் கணக்காளர் மொழியில் சொன்னால்: 1-8 ஸ்கோப்புக்கு நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணம் எட்டு மடங்குக்காக. ஆனால் மான் வருகிற மங்கல் வேளையில் எட்டு மடங்கில் வைத்தால் இருட்டு. நான்குக்கு இறக்கித்தான் பார்க்க வேண்டும். நான்குதான் பயன்படப் போகிறது என்றால் எட்டுக்கு ஏன் பணம் கட்ட வேண்டும்? அதே விலைக்கு நல்ல வில்லையுள்ள 1-4 அல்லது 1.5-4 வாங்கலாம். எல்லா வில்லை மேற்பரப்புகளிலும் பல படலப் பூச்சு உள்ளதா என்று பெட்டியில் பாருங்கள். அந்தப் பூச்சு ஒளி தெறித்து வீணாவதைக் குறைக்கும்.

குறிக்கோடு, மின்கலம், பாரம்

சில ஸ்கோப்புகளில் உருப்பெருக்கத்தைக் கூட்டும்போது குறிக்கோடும் சேர்ந்து பருக்கும், குறைக்கும்போது மெலியும். இதை முதல் குவியத் தளம் என்பார்கள், விலை கூட. மற்ற வகையில் கோடு எப்போதும் ஒரே பருமன். இது இரண்டாம் குவியத் தளம். குறைந்த உருப்பெருக்கத்தில் மங்கல் வெளிச்சத்தில் பயன்படுத்துகிறவருக்கு இரண்டாவதே போதும், அதுவே வசதி. முதல் வகையை ஒரு மடங்கில் வைத்தால் கோடு மயிர்போல மெலிந்து, விளக்குப் போடாமல் தெரியாது.

நடுவில் சிவப்புப் புள்ளி ஒளிர்கிற வசதி நல்லதுதான். ஆனால் கடும் குளிரில் மின்கலத்தின் வலு இறங்கும். விளக்கு அணைந்தாலும் தெரியக்கூடிய தடித்த கறுப்புக் கோடு உள்ளதைத் தெரிவு செய்யுங்கள். மேலதிக மின்கலம் ஒன்றை உடம்புச் சூடுபடும் உட்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையே இருக்க வேண்டிய தூரம் ஒன்பது, பத்து சென்ரிமீற்றராவது இருக்கட்டும். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்களுக்கு இது மிக முக்கியம். குறைந்தால், வெடி வைக்கும்போது துவக்கு பின்னால் உதைத்து, ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைக் கிழிக்கும். பொருத்தும்போது வீட்டு ரீசேர்ட்டோடு நின்று அளவு பார்க்க வேண்டாம். வேட்டைக்குப் போடப்போகிற தடித்த குளிர்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு அளவு பாருங்கள். சட்டையின் தடிப்பு கண்ணைப் பின்னால் தள்ளும்.

பாரத்தையும் பாருங்கள். லியூபோல்ட் நிறுவனத்தின் விஎக்ஸ்-ஃபிரீடம் 1.5-4×20 ஸ்கோப் 300 கிராமுக்கும் குறைவு. வொர்டெக்ஸ் ஸ்ட்ரைக் ஈகிள் 1-6×24 ஏறக்குறைய அரைக் கிலோ. மேசையில் வைத்துச் சுடுகிறவருக்கு வித்தியாசம் தெரியாது. நாள் முழுக்கப் பனியில் தோளில் சுமக்கிறவருக்குத் தெரியும்.

உள்ளே நைதரசன் போன்ற வாயு நிரப்பி அடைத்த ஸ்கோப் உட்புறம் புகார் கட்டாது. வெளிப்புறம் கட்டும். குளிரிலிருந்து சூடான வீட்டுக்குள் கொண்டுவரும்போது, உறையைத் திறக்காமல் சில மணித்தியாலம் விடுங்கள். மெல்ல மெல்லச் சூடேறினால் வில்லையில் ஈரம் படியாது. பிறகு திறந்து துடைத்துப் பூட்டி வையுங்கள்.

700 டொலரில் ஸ்கோப்புக்கு எவ்வளவு?

பெரும்பாலானவர்கள் விடுகிற பிழை, கையில் உள்ள பணம் முழுவதையும் ஸ்கோப்பின் விலை என்று நினைப்பது. உதாரணத்துக்கு 700 டொலர் ஒதுக்குகிறீர்கள் என்று வைப்போம். கியூபெக்கில் இரண்டு விற்பனை வரிகளும் சேர்ந்து 14.975 வீதம். ஆகவே வரிக்கு முன் கையில் இருப்பது ஏறக்குறைய 608 டொலர்தான்.

அதில் ஸ்கோப்பைத் துவக்கோடு இணைக்கும் அடித்தட்டுக்கும் வளையங்களுக்கும் 90 வைப்போம். குறி சரிபார்க்கவும் பழகவும் மூன்று பெட்டி ரவைக்கு 150. பயிற்சித் திடல் கட்டணத்துக்கு 40. மிஞ்சுவது 328. இந்த விலைகள் கடைக்குக் கடை, துவக்குக்குத் துவக்கு மாறும். முறை மாறாது: பழகுவதற்கான செலவை முதலில் ஒதுக்குங்கள், மிஞ்சியதற்கு ஸ்கோப் வாங்குங்கள். 600 டொலர் ஸ்கோப் வாங்கிப் பத்து ரவை மட்டும் சுட்டுப் பார்த்தவனைவிட, 328 டொலர் ஸ்கோப் வாங்கி அறுபது ரவை சுட்டுப் பழகியவன் காட்டில் பாதுகாப்பானவன்.

இதை நாங்கள் படித்தது எங்கள் பணத்தில். முதல் வருடம் மிச்சம் பிடிப்பதாக நினைத்து, மிகவும் மலிவான வளையங்களை எங்கோ வாங்கிப் பூட்டினோம். திடலில் முதல் ஐந்து ரவையும் ஓரிடத்தில் விழுந்தன. அதன் பிறகு ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசை. ஸ்கோப் பழுது என்று நினைத்து ஒன்றரைப் பெட்டி ரவையை வீணாக்கினோம். கடைசியில் பார்த்தால் வளையத்தின் திருகாணிகள் இளகியிருந்தன. முப்பது டொலர் மிச்சம் பிடிக்கப் போய் அதற்கு மேல் ரவையில் போயிற்று.

பழைய ஸ்கோப் வாங்குவதிலும் தவறில்லை. ஆனால் உத்தரவாதத்தைப் பாருங்கள். வொர்டெக்ஸ், லியூபோல்ட் போன்ற நிறுவனங்கள் தங்கள் வேட்டை ஸ்கோப்புகளுக்கு ஆயுட்கால உத்தரவாதம் தருகின்றன. அது முதலில் வாங்கியவரோடு முடிந்துவிடாமல், கைமாறினாலும் தொடரும். அப்படிப்பட்ட பழைய பொருள், உத்தரவாதமே இல்லாத புதிய பொருளைவிடப் பெறுமதியானது.

குறி சரிபார்த்தல்

ஸ்கோப்பின் மேலும் பக்கத்திலும் உள்ள குமிழ்களைத் திருப்பினால் 'கிளிக்' என்று சத்தம் வரும். பெரும்பாலான ஸ்கோப்புகளில் ஒரு கிளிக் கால் எம்ஓஏ. அது 100 மீற்றரில் ஏறக்குறைய 7 மில்லிமீற்றர், 50 மீற்றரில் அதில் பாதி. சில சின்ன ஸ்கோப்புகளில் ஒரு கிளிக் அரை எம்ஓஏ, அதாவது 100 மீற்றரில் ஏறக்குறைய 15 மில்லிமீற்றர். பெட்டியைப் பார்த்து உறுதி செய்யுங்கள். 100 மீற்றரில் ரவைகள் 6 சென்ரிமீற்றர் இடப்பக்கம் விழுந்தால், கால் எம்ஓஏ ஸ்கோப்பில் எட்டுக் கிளிக் வலப்பக்கம். ஒரு ரவையைப் பார்த்துத் திருப்ப வேண்டாம். மூன்று ரவை சுட்டு, நடுப்புள்ளியைப் பார்த்துத் திருப்புங்கள்.

ஸ்கோப் நம்பத்தக்கதா என்று அறிய இன்னொரு வழி: இருபது கிளிக் வலம், இருபது கீழ், இருபது இடம், இருபது மேல் என்று திருப்பி, ஒவ்வொரு மூலையிலும் ஒரு ரவை சுட்டுப் பாருங்கள். கடைசியில் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வர வேண்டும். வராவிட்டால், பற்றுச்சீட்டோடு கடைக்குப் போகலாம். ஆகவே பற்றுச்சீட்டை எறிய வேண்டாம்.

ஸ்கோப்பால் தேட வேண்டாம்

இதுவரை சொன்னதெல்லாம் பணக் கணக்கு. இனிச் சொல்வதை எந்த வரிசையிலும் முதலாவதாக வையுங்கள்.

ஸ்கோப் பார்ப்பதற்கான கருவி அல்ல. அது துவக்கின் மேல் பூட்டியிருக்கிறது. எதை அதனால் பார்க்கிறோமோ அதை நோக்கித் துவக்கை நீட்டியிருக்கிறோம். காட்டில் அசைவது மானா, நாயா, இன்னொரு வேட்டைக்காரனா என்று அறிய ஸ்கோப்பை உயர்த்தினால், ஒரு மனிதரை நோக்கித் துவக்கு நீட்டியவனாகிவிடுவோம். அதற்காகத்தான் ஒருவரை ஒருவர் தூரத்திலேயே அறிய, முதுகிலும் தோளிலும் மார்பிலும் குறைந்தது 2,580 சதுர சென்ரிமீற்றர் பரப்பில் ஒளிரும் செம்மஞ்சள் நிறம் தெரிய வேண்டும் என்று கியூபெக் சட்டம் சொல்கிறது. அதற்காகத்தான் கழுத்தில் ஒரு பைனாகுலரும் வேண்டும். பழைய 8×42 ஒன்று போதும். முதலில் பைனாகுலர், பிறகு தீர்மானம், அதன் பிறகுதான் துவக்கு. பணம் போதாவிட்டால் ஸ்கோப்பின் விலையைக் குறைத்தாவது இதை வாங்குங்கள்.

இதை எங்கள் பிள்ளைகளுக்கு வகுப்பிலும் சொல்கிறார்கள். ஆனால் நாங்கள் சொல்வதற்கு வேறொரு பாரம் உண்டு. சென்றிகளின் ஊடாகப் பாடசாலைக்கும் வேலைக்கும் போனவர்கள் நாங்கள். காவலரண் துவாரத்துக்குப் பின்னால் ஒரு கண் எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தும், கையை வீசாமல், வேகத்தைக் கூட்டாமல் நடந்த நாட்கள் உண்டு. வில்லையின் மறுபக்கத்தில் நிற்பது எப்படியிருக்கும் என்று இந்த நாட்டில் பிறந்தவர்களுக்கு நாங்கள் சொல்லாவிட்டால் யார் சொல்வது? மகன் முதல் தடவை புறப்பட்டபோது அவனுடைய அம்மா மௌனத்தை விட்டுச் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, ஆக்களப் பாக்க அதத் தூக்காத."

அவன் போனது உத்தவே பகுதிக்கு, நவம்பர் முதல் வாரம். விடியற்காலையில் ஏறக்குறைய அறுபது மீற்றரில் ஒரு மான் வந்து நின்றிருக்கிறது. கியூபெக்கில் கொம்பு 7 சென்ரிமீற்றருக்குக் குறைவான மான், கொம்பில்லாத மான் என்ற வகையில் சேரும். அதைச் சுடத் தனி அனுமதி வேண்டும். அவனிடம் அது இல்லை. பைனாகுலரால் பார்த்தான். தலையில் ஏதோ இருக்கிறது, ஆனால் எவ்வளவு என்று அந்த வெளிச்சத்தில் நிச்சயமில்லை. துவக்கு மடியிலேயே இருந்தது. மான் கொஞ்ச நேரம் நின்று மேய்ந்துவிட்டுப் போய்விட்டது.

வெறுங்கையோடு வந்தவனிடம், அந்த ஸ்கோப்புக்குப் போட்ட காசு வீணா என்று பகிடியாகக் கேட்டோம். "இல்லையப்பா, அதத் தூக்கவே தேவைப்படேல்லை" என்றான். அன்று இரவு அவனுக்குப் புட்டும் கோழிக்குழம்பும். அவனுடைய அம்மா இரண்டாம் தரம் கேட்காமலே அள்ளிப் போட்டார்.